டிக்கியிலேயே தொலைந்துபோகும் பேஸ்

என் தம்பி பழைய செடான் கார் ஒன்றை வாங்கி, அதில் 12 அங்குல சப்வூஃபரும் (பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கர்) அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபையரும் பொருத்தினான். பொருத்திய நாள் முதலே அவனுக்கு மனக்குறை. பாட்டு கேட்கிறது, சத்தமும் இருக்கிறது, நெஞ்சில் வந்து முட்டவேண்டிய அந்த அடி மட்டும் இல்லை. பொருத்திய கடையில் போய்ச் சொன்னபோது, ஆம்ப்ளிஃபையரின் சக்தி போதவில்லை, பெரியதாக மாற்றிவிடலாம், 15,000 ரூபாய் கூடுதலாக ஆகும் என்றார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால், “ஒரு தடவை நீ பார்த்துவிடு அண்ணா” என்று காரைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் நிறுத்தினான்.

அரைமணி நேரம் பாட்டை ஓடவிட்டு டிக்கியைத் திறந்தேன். ஆம்ப்ளிஃபையரின் மேல் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. சப்வூஃபரிலிருந்து வார்னிஷ் கருகுவதுபோல லேசான வாடை. ஆனால் கோன் (முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளும் கூம்பு) மீது விரலை வைத்தால் அசைவே தெரியவில்லை. எனக்குக் கிடைத்த முதல் தடயம் இதுதான். சக்தி போதவில்லை என்றால் இத்தனை சூடு எங்கிருந்து வந்தது? பேட்டரியிலிருந்து மின்சாரம் போகிறது, ஆம்ப்ளிஃபையர் உழைக்கிறது, கோனை ஆட்டும் கம்பிச்சுருளான காயில் கொதிக்கிறது, காற்று மட்டும் நகரவில்லை. எங்கோ ஒரு இடத்தில் ஓர் உழைப்பு இன்னோர் உழைப்பைத் தின்றுகொண்டிருக்கிறது.

பேஸ் குறைவாக இருக்கிறது என்ற புகாரோடு வரும் கார்களில் பெரும்பாலும் நான் பார்ப்பது இதைத்தான். பேஸ் பிறக்காமல் போவதில்லை. பிறந்த பிறகு, திசை மாறிய இன்னொரு பேஸ் அதைக் கழித்துவிடுகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எங்கே தேட வேண்டும் என்பது தானாக விளங்கும், வீண் செலவும் மிச்சமாகும். அதனால் கொஞ்சம் அடிப்படையிலிருந்தே சொல்கிறேன்.

பெட்டியில் பொருத்தாத ஒரு சப்வூஃபரைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டை ஓடவிட்டால் கோன் கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் ஆடும், ஆனால் பேஸ் கேட்காது. கோன் முன்னால் வரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நொடியில் பின்பக்கத்துக் காற்று இழுபடுகிறது. அழுந்திய காற்று விளிம்பைச் சுற்றிக்கொண்டு இழுபட்ட பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. கணக்கு நேராகிவிட்டது, காதுக்கு வந்து சேர மிச்சம் ஒன்றுமில்லை. உயர்ந்த சுருதிகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அவற்றின் அலைநீளம் சில அங்குலங்கள்தான். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ சுமார் 8.6 மீட்டர், கார் முழுவதையும்விட நீளம். அந்த அலைக்குக் கோனின் முன்பக்கமும் பின்பக்கமும் ஏறக்குறைய ஒரே இடம். பெட்டி என்ற ஒன்று இருப்பதே இந்த இரண்டையும் பிரித்துவைக்கத்தான்.

தம்பியின் காருக்கு வருகிறேன். அவனுடைய சப்வூஃபரில் இரட்டை வாய்ஸ் காயில் இருந்தது. ஒரே குழலின் மீது இரண்டு காயில்கள் சுற்றப்பட்டிருக்கும், ஒவ்வொன்றும் 4 ஓம். ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்றபடி அவற்றைத் தொடராக இணைத்தால் 8 ஓம், பக்க இணைப்பாகக் கொடுத்தால் 2 ஓம். பக்க இணைப்பில் இரண்டு பிளஸும் ஒன்றாக, இரண்டு மைனஸும் ஒன்றாகச் சேர வேண்டும். பெட்டியின் திருகுகளைக் கழற்றி ஸ்பீக்கரை வெளியே எடுத்து, நான்கு ஒயர்களையும் விடுவித்தேன். சுவர்க் கடிகாரத்தில் இருந்த 1.5 வோல்ட் செல்லைக் கழற்றி வந்து, முதல் காயிலின் முனைகளில் பிளஸுக்கு பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று தொட்டேன். ‘டப்’ என்ற மெல்லிய ஒலியோடு கோன் வெளியே வந்தது. அசைவு ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம், விரல் நுனியில் நன்றாகவே தெரிந்தது. இரண்டாவது காயிலிலும் அப்படியே வெளியே வந்தது. ஆக, காயில்களில் பழுது இல்லை. பிறகு பெட்டிக்குள்ளிருந்த இணைப்பு ஒயர்களை முன்பு இருந்தபடியே மாட்டி, பெட்டிக்கு வெளியே இருக்கும் முனைகளில் செல்லைத் தொட்டேன். கோன் அசையவே இல்லை. உள்ளே ஒயர் இரண்டும் ஒரே கறுப்பு நிறம். ஒரு முனை மாறிப்போயிருந்தது. ஒரு காயில் கோனை வெளியே தள்ள, மற்றது அதே பலத்தோடு உள்ளே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

சூட்டுக்கும் இதுதான் காரணம். கோன் அசையும்போது காயில் தானும் ஒரு மின்னழுத்தத்தை எதிர்த்திசையில் உண்டாக்கும், அது ஆம்ப்ளிஃபையரின் சுமையைக் குறைக்கும். அசையாத காயில் வெறும் செம்புக் கம்பிதான். மின்சாரம் தாராளமாக ஓடும், முழுவதும் வெப்பமாகும். அந்த நிலையில் பெரிய ஆம்ப்ளிஃபையரைப் போட்டிருந்தால் பேஸ் ஒரு துளிகூடக் கூடியிருக்காது, காயில்தான் எரிந்திருக்கும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்தச் சோதனைக்கு ஒரு கடிகாரச் செல்லும் இரண்டு நிமிடமும் போதும். அதைச் செய்யாமல் வாடிக்கையாளரைப் புதிய பொருள் வாங்கச் சொல்வது சரியில்லை.

ஒரு காயில் உள்ள சப்வூஃபர் இரண்டைப் பொருத்தியிருந்தாலும் இதே தவறு நேரலாம். ஒன்றின் ஒயர் மாறியிருந்தால் ஒன்று தள்ள மற்றது இழுக்கும். சந்தேகம் வந்தால் ஒன்றைத் துண்டித்துவிட்டுக் கேளுங்கள். இரண்டாக ஒலித்தபோது இருந்ததைவிட ஒன்றில் பேஸ் கூடினால் விடை கிடைத்துவிட்டது. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்தால், ஒன்றைவிட 6 டெசிபெல் (ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு) வரை கூடுதலாகக் கிடைக்க வேண்டும்.

இதைவிட மறைவான ஒரு கழித்தல் உண்டு. காரோடு வந்த ஸ்டீரியோவை மாற்றாமல் சப்வூஃபர் சேர்ப்பவர்கள், பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர்களிலிருந்து ஒரு கன்வெர்ட்டர் வழியாக சிக்னலை எடுப்பார்கள். இடப்பக்கத்தைச் சரியாகவும் வலப்பக்கத்தை பிளஸ் மைனஸ் மாற்றியும் எடுத்துவிட்டால் என்ன ஆகும்? பாட்டுகளில் பேஸ் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலும் ஒன்றுபோலவே பதிவாகியிருக்கும். சப்வூஃபர் ஆம்ப்ளிஃபையர் இரண்டையும் கூட்டி ஒன்றாக்கும்போது ஒன்று மற்றதை அழித்துவிடும். மேசையின் மேல் வைத்துச் சோதித்தால் ஒவ்வொரு கருவியும் நன்றாக இருக்கும், காரில் மட்டும் பேஸ் இராது. கண்டுபிடிக்கும் வழி எளிது. ஸ்டீரியோவின் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளுங்கள். பேஸ் திடீரென்று கூடினால் ஒயர் மாறியிருக்கிறது. இடப்பக்கம் தள்ளும்போது இருந்து, வலப்பக்கம் தள்ளும்போது அடியோடு காணாமல் போனால், சிக்னலைக் கொண்டுசெல்லும் வலப்பக்க ஆர்.சி.ஏ. கேபிள் அறுந்திருக்கிறது அல்லது சரியாகச் செருகப்படவில்லை. ஒரு பக்கம் மட்டும் வந்தால் பல ஆம்ப்ளிஃபையர்களில் 6 டெசிபெல் இழப்பு, அதாவது 500 வாட் ஆம்ப்ளிஃபையர் 125 வாட் ஆனதற்குச் சமம்.

சில கம்பெனி ஸ்டீரியோக்களில் இன்னொரு குணமும் உண்டு. கதவில் இருக்கும் சிறிய ஸ்பீக்கர்கள் கிழிந்துவிடக் கூடாது என்பதற்காக, சத்தம் ஏற ஏறப் பேஸைத் தாமே குறைத்துக்கொள்ளும்படி அவை அமைக்கப்பட்டிருக்கும். சப்வூஃபருக்குப் போவதும் அந்தக் குறைக்கப்பட்ட சிக்னல்தான். மெல்லிய ஒலியில் நிறைவாக இருந்து, கூட்டும்போது பேஸ் மட்டும் பின்வாங்கினால் இதைச் சந்தேகிக்கலாம். இதற்கு எந்த ஆம்ப்ளிஃபையரும் மருந்தாகாது. ஸ்டீரியோவை மாற்ற வேண்டும், அல்லது குறைத்ததை ஈடுசெய்யும் சிக்னல் பிராசஸர் வேண்டும்.

தம்பியின் காரில் ஒயரை மாற்றியதும் டிக்கி அதிர்ந்தது. டிக்கியைத் திறந்து வெளியே நின்று கேட்டவன் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. ஆனால் ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்ததும் அந்த மகிழ்ச்சி பாதியாகிவிட்டது. அடி விழுகிறது, ஆனால் தவிலின் தொப்பிப் பக்கம் முழங்கவேண்டிய இடத்தில் வெற்றிடம்போல ஒரு குழி. செல்பேசியில் தனிநாதம் எழுப்பும் செயலியைப் போட்டு 40 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே ஏற்றினோம். 60 வரை நன்றாக இருந்தது. 70ஐத் தாண்டியதும் அமுங்கியது, 80இல் ஏறக்குறைய மறைந்தது, 110க்கு மேல் மறுபடி வந்தது. (இந்தச் சோதனையை மிகக் குறைந்த ஒலியில் செய்யுங்கள். தொடர்ந்த ஒற்றை நாதம் காயிலை வேகமாகச் சூடாக்கும்.)

80 ஹெர்ட்ஸ் என்பது பொதுவாகச் சப்வூஃபரும் முன்பக்க ஸ்பீக்கர்களும் சந்திக்கும் எல்லை. அதற்குக் கீழே சப்வூஃபர், மேலே கதவு ஸ்பீக்கர் என்று க்ராஸ்ஓவர் பிரித்துக் கொடுக்கும். எல்லையில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். ஓட்டுபவரின் காதிலிருந்து கதவு ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிறது, டிக்கியில் இருக்கும் சப்வூஃபர் இரண்டரை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ஒன்றரை மீட்டர். 80 ஹெர்ட்ஸின் அலைநீளம் 4.3 மீட்டர். ஒரு முழுச் சுற்றை 360 பாகையாகக் கொண்டால், இந்த ஒன்றரை மீட்டர் சுமார் 125 பாகை. க்ராஸ்ஓவரின் ஃபில்டர்கள் தம் பங்குக்குச் சேர்க்கும் பிசகைக் கணக்கில் எடுக்காவிட்டாலும், இரண்டும் சேர்ந்து ஒலிப்பது ஒன்று தனியாக ஒலிப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே கேட்கும். சப்வூஃபரின் பிளஸ் மைனஸை மாற்றிவிட்டால் பிசகு சுமார் 55 பாகையாகக் குறைகிறது, அப்போது 5 டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் ஏறக்குறைய 6 டெசிபெல் வித்தியாசம். ஆம்ப்ளிஃபையரின் சக்தியை நான்கு மடங்காக்கினால்தான் அதே அளவு கூடும்.

பல ஆம்ப்ளிஃபையர்களில் ஃபேஸ் (Phase) என்று எழுதி 0, 180 என இரண்டு நிலை உள்ள ஒரு சிறிய சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான். ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் உட்காருங்கள், இன்னொருவர் டிக்கியில் அந்தச் சுவிட்சை மாற்றட்டும். எதில் பேஸ் நிறைவாக இருக்கிறதோ அதுதான் உங்கள் காருக்குச் சரி. “பிளஸுக்கு பிளஸ் கொடுத்தால்தான் முறை” என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. சப்வூஃபர்கள் தங்களுக்குள் ஒத்துப்போவது கட்டாயம், முன்பக்க ஸ்பீக்கரோடு அவை எப்படி ஒத்துப்போகின்றன என்பதைக் காதுதான் முடிவு செய்ய வேண்டும்.

சுவிட்சை மாற்றியதில் குழி பாதி நிரம்பியது. மீதிப் பாதிக்குக் காரணம் பெட்டி இருந்த இடம். கடைக்காரர் பெட்டியைப் பின்னிருக்கையோடு ஒட்டி, ஸ்பீக்கர் டிக்கிக் கதவைப் பார்க்கும்படி வைத்திருந்தார். ஸ்பீக்கரிலிருந்து காரின் பின்சுவர்வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். சப்வூஃபரிலிருந்து புறப்படும் அலை இருக்கையை நோக்கி நேராகவும் வருகிறது, பின்சுவரில் மோதித் திரும்பியும் வருகிறது. திரும்பி வருவது போகவர இரண்டு மீட்டர் அதிகம் நடக்கிறது. 80 ஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய அரை அலைநீளம். நேராக வந்த அலை அழுத்தும்போது சுற்றி வந்தது இழுக்கிறது, மறுபடியும் கழித்தல். பெட்டியைப் பின்னுக்குத் தள்ளி, ஸ்பீக்கர் பின்சுவரை ஒட்டினாற்போல இருந்தால் இரண்டு பாதைகளுக்கும் வித்தியாசம் மிகச் சிறிது. எதிரொலியும் துணைக்கு வரும். ஸ்பீக்கர் பின்னால் பார்த்தபடி, பின்சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் இருப்பது பல கார்களில் நல்ல பலன் தருவது இதனால்தான். எல்லாக் காருக்கும் இது விதியல்ல. பெட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். அரைமணி நேர வேலை, நான் செய்தவற்றில் அதிகப் பலன் தந்த அரைமணி நேரங்களில் இதுவும் ஒன்று.

செடானுக்கே உரிய சிரமம் ஒன்று இருக்கிறது. ஹேட்ச்பேக் காரில் டிக்கியும் உள்ளறையும் ஒரே காற்று. செடானில் நடுவே பின்னிருக்கையும், அதன் பின்னால் பல கார்களில் இரும்புத் தகடும், மேலே ஸ்பீக்கர் பதித்த பலகையும் நிற்கின்றன. வெளியே நின்றால் நம்பர் பிளேட் நடுங்குகிறது, உள்ளே உட்கார்ந்தால் ஒன்றுமில்லை என்ற புகார் பெரும்பாலும் செடான்காரர்களுடையது. பின்னிருக்கையை மடக்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பேஸ் வெள்ளமாக உள்ளே வந்தால், சிக்கல் கருவியில் இல்லை, வழியில் இருக்கிறது. இருக்கை மடங்காத கார்களில் கைதாங்கிக்குப் பின்னால் இருக்கும் திறப்பையோ, மேற்பலகையில் உள்ள ஸ்பீக்கர் துளைகளையோ பயன்படுத்தலாம். சிலர் அந்தப் பின்ஸ்பீக்கர்களையே கழற்றிவிட்டுத் துளையை வலைத்துணியால் மூடிவிடுகிறார்கள். நானும் அதையே விரும்புகிறேன். ஓட்டுபவருக்குப் பின்ஸ்பீக்கர்களால் பெரிய பயனில்லை, டிக்கியின் அழுத்தமோ அவற்றின் கோன்களைப் போட்டு ஆட்டிக்கொண்டே இருக்கும்.

சிறிய அறைக்குள் பேஸுக்கு இயற்கை தரும் ஒரு கொடையையும் இங்கே சொல்ல வேண்டும். அரை அலைநீளம் காரின் உள்நீளத்தைவிடப் பெரிதாகிவிட்டால், ஒலி அலையாகப் பரவுவதை விட்டுவிட்டுக் காற்றை மொத்தமாக அழுத்தித் தளர்த்துவதாக மாறிவிடுகிறது. இரண்டரை மீட்டர் உள்நீளம் உள்ள காரில் இது சுமார் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடங்கும். கணக்குப்படி, அதற்குக் கீழே அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் 12 டெசிபெல் இலவசமாகக் கூடும். கண்ணாடியும் தகடும் அதிர்வதால் நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. கதவு ரப்பர் கிழிந்த கார், கண்ணாடி இறக்கிய கார் ஆகியவற்றில் இந்தக் கொடை கசிந்துவிடும்.

பெட்டியும் கசியக் கூடாது. மூடிய பெட்டியில் ஓட்டை விழுந்தால், பின்பக்க ஒலி அதன் வழியே வெளியேறி முன்பக்க ஒலியைக் கழிக்கத் தொடங்கும், பெட்டிக் காற்றின் ஸ்பிரிங் போன்ற பிடியும் தளரும். சோதிக்க ஓர் ஊதுவத்தி போதும். 30, 35 ஹெர்ட்ஸ் நாதத்தை மெல்ல ஓடவிட்டு, பெட்டியின் மூட்டுகள், ஒயர் செருகும் பிளேட், ஸ்பீக்கர் விளிம்பு ஆகியவற்றின் ஓரமாகப் புகையை மெதுவாகக் கொண்டுபோங்கள். புகை துடிக்கும் இடத்தில் கசிவு. தம்பியின் பெட்டியில் பிளேட்டின் கீழ் மூலையில் புகை நாக்கு நாக்காகப் பிரிந்து ஆடியது. அந்த இடத்தில் கேஸ்கெட் இல்லாமல் வெறும் திருகு மட்டும் போட்டிருந்தார்கள். சிலிக்கான் பசை பூசி ஒரு நாள் உலரவிட்டோம். ஸ்பீக்கரின் விளிம்பையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பழைய ஃபோம் விளிம்புகள் காலப்போக்கில் மக்கிப் பிரிந்துவிடும். இரண்டு கையாலும் கோனை நேராக, மென்மையாக உள்ளே அழுத்தும்போது உரசும் ஒலி வந்தால் காயில் கெட்டிருக்கிறது.

பெட்டியின் கொள்ளளவைக் கண்மதிப்பில் முடிவுசெய்யும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பது எனக்கு வருத்தம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்டு ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பிறகு இது ஊகிக்கவேண்டிய விஷயமே இல்லை. சப்வூஃபரோடு வரும் தாளில் இருக்கும் எண்களுக்குத் தீல்-ஸ்மால் அளவுகள் என்றே பெயர். மூடிய பெட்டிக்கு எத்தனை லிட்டர், துளை வைத்த பெட்டிக்கு எத்தனை லிட்டர் என்று அதிலேயே குறித்திருப்பார்கள். 12 அங்குலத்துக்கு மூடிய பெட்டி பெரும்பாலும் 30 லிட்டர் அளவில் வரும், துளைப் பெட்டி அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. துளைப் பெட்டி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்க்கப்பட்டது. அந்த இடத்தில் நன்றாக முழங்கும், அதற்குக் கீழே துளையின் ஒலியும் கோனின் ஒலியும் எதிரெதிராகிச் சட்டென்று சரிந்துவிடும். துளைக்கு முன்னால் பையையோ ஸ்டெப்னியையோ வைத்து அடைத்துவிட்டு, பேஸ் போய்விட்டது என்று தேடுபவர்களும் உண்டு.

ஆம்ப்ளிஃபையரின் திருகுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சப்வூஃபர் சேனலில், தாழ்ந்த ஒலிகளை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ் அளவில் இருக்க வேண்டும், தவறிக்கூட உயர்ந்த ஒலிகளை மட்டும் விடும் ஹை பாஸ் நிலையில் இருக்கக் கூடாது. ஸ்டீரியோவிலும் ஆம்ப்ளிஃபையரிலும் ஒரே இடத்தில் இரண்டு ஃபில்டர்கள் ஓடினால் வெட்டு இரட்டிப்பாகும், ஒன்றை நிறுத்திவிடுங்கள். மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் 25 ஹெர்ட்ஸில் இருக்கவேண்டியது 50இல் இருந்தால், வாங்கிய சப்வூஃபரின் பாதி வேலையை அதுவே தடுத்துவிடும். கெயின் என்பது வால்யூம் அல்ல. ஸ்டீரியோ தரும் 2 வோல்ட்டோ 4 வோல்ட்டோ, அதற்கு ஆம்ப்ளிஃபையரைப் பொருத்திவைக்கும் திருகு அது. பேஸ் பூஸ்டை முழுக்கத் திருகுவது பேஸுக்குத் தீர்வாகாது. 12 டெசிபெல் கூட்டுவது என்றால் அந்த அதிர்வெண்ணில் 16 மடங்கு சக்தி கேட்பதாகும்.

இத்தனையும் சரியாக இருந்து, பிறகும் குறை என்றால்தான் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். பாட்டு உரக்க ஒலிக்கும்போது ஆம்ப்ளிஃபையரின் முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 12க்குக் கீழே விழுந்தால் வழியில் எங்கோ இழப்பு. எட்டு கேஜ் (எண் குறையக் குறைய ஒயர் தடிமன்) செம்பு ஒயர் 5 மீட்டர் நீளத்தில் 50 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் போய்விடும், நான்கு கேஜில் 0.2 வோல்ட்தான். செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயர் பார்க்க ஒன்றுபோல இருக்கும், இழப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். ஆம்ப்ளிஃபையரின் மைனஸைக் காரின் தகட்டோடு இணைக்கும் எர்த்தைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும். பேட்டரியின் மைனஸுக்கும் ஆம்ப்ளிஃபையரின் மைனஸுக்கும் இடையே 0.2 வோல்ட்டைத் தாண்டினால், பெயின்ட்டை நன்றாகச் சுரண்டி, தகடு பளபளக்கும் இடத்தில் போல்ட் போட்டு முறுக்குங்கள். இந்த வேலைகளுக்கு முன்னால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட மறக்காதீர்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இல்லாத பிளஸ் ஒயர் ஓடுகிறது என்றால் பேஸை மறந்துவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தகட்டில் உரசினால் கார் எரிந்துவிடும்.

ஆனால் ஒரு கணக்கு. 14.4 வோல்ட் 12 ஆகக் குறைந்தால் சக்தியில் 30 சதவீதம் போகிறது, காதுக்கு அது 1.6 டெசிபெல்தான். ஃபேஸ் சுவிட்சில் கிடைத்த 6 டெசிபெல்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஃபாரட் கெபாசிட்டர் வாங்கச் சொல்பவர்கள் உண்டு. அந்த வோல்ட் வித்தியாசத்தில் அதில் சேமிக்க முடிவது சுமார் 32 ஜூல். 600 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபையர் அதை ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கில் காலி செய்துவிடும். அந்தப் பணத்தை நல்ல ஒயருக்குச் செலவிடலாம்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வாட் எண்களை நம்பி ஏமாறுவதும் இங்கே சேர்த்தி. 1,200 வாட் என்று போட்டிருக்கும், ஃபியூஸோ 30 ஆம்பியர்தான் இருக்கும். 14.4 வோல்ட்டை 30 ஆம்பியரால் பெருக்கினால் 432 வாட், அதுவும் உள்ளே போவது. ஐந்தில் நான்கு பங்கு வெளியே வந்தாலும் 345 வாட்தான். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். எண்ணை மட்டும் பாருங்கள். 14.4 வோல்ட்டில், 4 ஓமில், ஒரு சதவீதச் சிதைவுக்குள் அளக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2003இல் சி.இ.ஏ. 2006 என்ற அளவுமுறையே கொண்டுவந்தார்கள். ஓம் பொருத்தமும் முக்கியம். 2 ஓமில் 500 வாட் தரும் ஆம்ப்ளிஃபையருக்கு 8 ஓமாக இணைத்துக் கொடுத்தால் கிடைப்பது ஏறக்குறைய கால் பங்கு.

பழுதே இல்லாமல் பேஸ் குறைவாக இருக்கும் நிலையும் உண்டு, அது இருக்கைக்கு அடியில் வைக்கும் 8 அங்குலச் சப்வூஃபர்களில். கே.எல்.எச். என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘எச்’ ஜோசஃப் அன்டன் ஹாஃப்மனைக் குறிக்கும். அவர் வகுத்த விதியைத் துறையில் இரும்பு விதி என்பார்கள். ஆழமான பேஸ், சிறிய பெட்டி, குறைந்த சக்தியில் அதிகச் சத்தம், இம்மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பினால் எடை ஏறி நாதம் கீழிறங்குகிறதல்லவா, சிறிய பெட்டிக்கான சப்வூஃபரிலும் கோனின் எடையைக் கூட்டித்தான் கீழே இறக்குகிறார்கள். அந்த எடையை ஆட்டச் சக்தி வேண்டும். அத்துடன், 60 ஹெர்ட்ஸில் தரும் அதே சத்தத்தை 30 ஹெர்ட்ஸில் தரக் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். 8 அங்குலக் கோனின் பரப்பு 12 அங்குலத்தில் பாதிகூட இல்லை. ஒரே அளவு ஆடினால் 7 டெசிபெல் குறைவு. 50 ஹெர்ட்ஸுக்கு மேல் பாட்டுக்குச் சதை சேர்க்க அது நல்ல கருவி. அதனிடம் அதற்குக் கீழே எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சத்தத்தைக் குறைத்து வைத்தால் பேஸ் மட்டும் அதிகமாகக் குறைவதாகத் தோன்றுவதும் பழுதல்ல. நம் காது அப்படி. ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வரைந்திருக்கிறார்கள். ஆனால், தொடக்கத்தில் நன்றாக இருந்து, கால் மணி நேரத்தில் பேஸ் தளர்ந்தால் காயிலின் சூட்டைப் பாருங்கள். செம்பு 100 டிகிரி சூடேறினால் அதன் தடை ஏறக்குறைய 40 சதவீதம் கூடும், ஒலியில் 3 டெசிபெல் வரை இழப்பு. சித்திரை வெயிலில் நின்ற காரின் டிக்கியில், கம்பளத்துக்கு அடியில் அமுக்கிவைத்த ஆம்ப்ளிஃபையர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நின்றுவிடவும் கூடும். அதற்குக் காற்றோட்டம் கொடுங்கள்.

தம்பியின் காரில் கடைசியாக நாங்கள் செய்தது எர்த் ஒயரை மாற்றியதுதான். டிக்கி மூடியிலும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் ஃபெல்ட் துண்டுகளை ஒட்டினோம். பழைய ஆம்ப்ளிஃபையர், பழைய சப்வூஃபர், அதே பெட்டி. சாவியைப் போட்டு, தவில் தனியாவர்த்தனம் ஒன்றை ஓடவிட்டான். தொப்பியில் கோல் விழுந்த முதல் அடியில் பின்பார்வைக் கண்ணாடியில் தெரிந்த தெரு மங்கலாகி நடுங்கியது. அவன் வால்யூமை இரண்டு படி இறக்கினான்.